முன் சக்கரத்துத் தூசி: இந்திய வீட்டு முற்றங்களில் பிரேக் லைனிங்

காரின் உறுப்புகளில் பெரும்பாலானவை தேயாமல் இருக்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டவை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே எண்ணெய்ப் படலம் உண்டு. சக்கரத்துக்குப் பேரிங்கும் கிரீஸும் உண்டு. பிரேக் லைனிங்கும் அதன் நெருங்கிய உறவான கிளச் தட்டும் மட்டும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறினால்தான் வண்டி நிற்கும். அந்த மாற்றத்துக்கு விலையாக லைனிங் ஒவ்வொரு முறையும் சிறிதளவு பொடியாகிறது. அந்தப் பொடி எங்கே போகிறது, தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைப் பொருத்துபவர் யார், அவர் எங்கே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிறார் என்ற கேள்விகள் இந்திய மோட்டார் வரலாற்றில் அரிதாகவே கேட்கப்பட்டுள்ளன. உரிமங்கள், தொழிற்சாலைகள், வெளிநாட்டுக் கூட்டுகள், மாருதியின் வருகை என்று அந்த வரலாறு வண்டி உருவாகும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. வண்டி தேயும் இடம் வேறு. அது பெரும்பாலும் ஒரு வீட்டு வாசல், அல்லது வேப்பமரத்தடியில் நான்கு ஸ்பேனர்களோடு தொடங்கிய ஒரு மெக்கானிக் கடை.

தேய்ந்த பிரேக்கை வழியில் சரிசெய்துகொண்ட முதல் நிகழ்ச்சி, மோட்டார் காரின் முதல் நெடும்பயணத்திலேயே நேர்ந்துவிட்டது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே, அவர் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றார். ஏறத்தாழ 106 கிலோமீட்டர் வழி. இறக்கங்களில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்து பிடிமானம் இழந்தபோது, பவுஷ்லாட் என்னும் ஊரில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அதன்மேல் ஆணியடித்துக்கொண்டதாகப் பயண வரலாறு கூறுகிறது. உலகின் முதல் பிரேக் லைனிங் என்று அதையே சுட்டுவது வழக்கம். ஆக, இந்த உறுப்பு பழுதுபார்ப்பின் விளைவாகப் பிறந்தது. பொறியாளரின் வரைபடம் பின்னரே வந்தது. அதைப் பொருத்திய கை ஒரு செருப்புத் தைப்பவருடையது, அவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. லைனிங்கின் வரலாறு முழுவதும் தொடரும் ஒரு வழக்கத்தின் தொடக்கம் அது.

தோலுக்குச் சூடு ஆகாது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸின் தோலைப் பிரேக் கட்டையில் வைத்துக்கொள்வதைக் கண்டு, அதைவிட நீடிக்கும் பொருளைத் தேடத் தொடங்கினார். 1897இல் அவர் தொடங்கிய தொழிலின் வணிகப் பெயர் ஃபெரோடோ. தம் குடும்பப் பெயரின் எழுத்துகளோடு மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தைச் சேர்த்துக் கலைத்து அமைத்த பெயர் என்பர். முதலில் பிசின் ஊட்டிய துணிப்பட்டைகள். 1908 அளவில் கல்நார். கூரைத் தகட்டின் வழியாக ஆஸ்பெஸ்டாஸ் என்னும் பெயரால் இந்தியர் அனைவரும் அறிந்த அதே பொருள்தான். நூல்போல் நெய்யலாம், நெருப்பில் எரியாது, மலிவு, பிசினோடு நன்கு கலக்கும். 1902இல் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக், உலோகத்தோடு உலோகம் உரசிய கிறீச்சொலியால் பயன்பாட்டுக்கு உதவாமல் கிடந்தது. அதே ஆண்டைச் சேர்ந்த லூயி ரெனோவின் டிரம் பிரேக்கோ கல்நார் லைனிங்கின் துணையோடு அடுத்த அரை நூற்றாண்டை ஆண்டது. இந்தியச் சாலைகளில் ஓடிய கார்களும் இந்தக் கூட்டணியோடுதான் வந்தன.

இந்தியாவில் தொடக்கத்தில் கார் வைத்திருந்தவர் பிரேக்கைத் தொட்டதில்லை. சமஸ்தான மன்னர்கள், ஆங்கில அதிகாரிகள், பெருவணிகர்கள் ஆகியோரின் கார்களைப் பார்த்துக்கொள்ள ஓட்டுநர் இருந்தார். ஓட்டுவதோடு கழற்றிப் பூட்டவும் தெரிந்திருக்கவேண்டும் என்பது அவர் வேலையின் எழுதப்படாத நிபந்தனை. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளை இணைத்துக் கட்டும் ஆலையைத் திறந்தது. விடுதலைக்குப் பின், 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற அரசு, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கே இடம் என்று முடிவு செய்தது. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. எஞ்சியவை கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்ட். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்ட் என்று மூன்று பெயர்களுக்குள் ஒரு நாட்டின் கார் உலகம் சுருங்கியது.

உள்நாட்டு உற்பத்தி என்ற நிபந்தனை துணைத்தொழில்களையும் இழுத்து வந்தது. பம்பாயின் காட்கோபரில் ஃபெரோடோவின் இந்தியக் கிளைத்தொழில் லைனிங் செய்தது; சென்னைப் பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியா தோன்றியது; 1964இல் ரானே நிறுவனத்தின் லைனிங் தொழிற்சாலை, எழுபதுகளில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். இன்றும் நாட்டின் பிரேக் தொழிலில் சென்னைக்கு உள்ள இடம் இந்தக் காலத்தில் அமைந்ததே. ஆனால் இக்கட்டுரையின் கவனம் தொழிற்சாலைக் கதவுக்கு வெளியே.

புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கிடைத்த காரைப் பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகள் வைத்துக்கொண்டனர். தந்தையின் கார் மகனுக்கு வந்தது. இத்தகைய நீண்ட ஆயுளில் லைனிங் பலமுறை மாறும். பாட்னாவின் பேராசிரியரோ இந்தூரின் வழக்கறிஞரோ காரின் கையேட்டைப் படித்துத் தாமே பிரேக்கைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டதற்கு ஆர்வத்தைவிடத் தட்டுப்பாடே பெரிய காரணம். நிறுவனத்தின் பணிமனை பெருநகரத்தில் இருந்தது. கார் சிறுநகரத்தில் இருந்தது.

அந்த வேலையின் உடலசைவுகளைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் வரலாறு அங்கேதான் படிந்துள்ளது. அம்பாசிடரின் முன் சக்கரத்தில் இருந்தது டிரம் பிரேக். வார்ப்பிரும்புக் குடம் போன்ற டிரம் சக்கரத்தோடு சுழலும். அதன் உள்ளே பிறைவடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் திரவ அழுத்தம் ஷூக்களை வெளியே தள்ளும். ஷூவின் முதுகில் பதித்த லைனிங் டிரம்மின் உட்சுவரில் உரசும். லைனிங் தேயத்தேயப் பெடல் ஆழம் போகும். அப்போது சக்கரத்தைத் தூக்கி, திருகாணியைக் கண்டுபிடித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை திருகி, பின் ஒரு சொடுக்கு தளர்த்தவேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் மெல்லிய உரசல் கேட்கவேண்டும், இழுவை கூடாது. இந்த ஓசையைச் செவிக்குப் பழக்கப்படுத்துவதே பாதிக் கல்வி.

திருகியும் பிடிக்காத நாள் வந்தால் முழு வேலை. பின் சக்கரத்துக்கு அடியில் செங்கல்லை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஜாக்கி நழுவினால் உயிர் தப்புவதற்காக ஸ்டெப்னியைப் படுக்கவைத்து வண்டியின் அடியில் தள்ளிவைப்பர். டிரம்மைக் கழற்றச் சுத்தியல் வேண்டும். உட்சுவரில் தேய்வால் உண்டான விளிம்பு ஷூக்களைப் பிடித்துக்கொள்ளும். ஒருவழியாகக் கழன்று வந்த டிரம்மைக் கவிழ்த்துத் தரையில் தட்டினால், ஒரு கைப்பிடிச் சாம்பல்நிறப் பொடி கொட்டும். மிச்சத்தை வாயால் ஊதுவர். சைக்கிள் பம்பு இருந்தால் அதனால் அடிப்பர்; கடையாக இருந்தால் கம்ப்ரெஸர் காற்று. பின்னர் பெட்ரோலில் நனைத்த துணி. லைனிங் பளபளத்துக் கண்ணாடிபோல் இறுகியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவர். டிரம் மூடிய பாத்திரம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்: பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தின் தேய்மானத்தில் கணிசமான பகுதியை அது சேர்த்துவைத்து, திறப்பவரின் முகத்துக்கு நேரே ஒரே கணத்தில் தருகிறது.

தேய்ந்த ஷூவைத் தூக்கி எறியும் வழக்கம் அன்று இல்லை. பழைய லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கி, இரும்பு ஷூவைச் சுரண்டி, புதிய லைனிங்கை வைத்துச் செம்பு அல்லது பித்தளை ரிவெட்டால் அறைவதற்கென்றே தெருக்களில் கடைகள் இருந்தன. தில்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார் போன்ற உதிரிபாகச் சந்தைகள் இத்தகைய வேலைக்கு வேண்டிய பொருளுக்குப் பெயர்பெற்றவை. லாரிகளுக்கு அந்தக் கடைகள் இன்றும் உண்டு. புதிய லைனிங் டிரம்மோடு ஒட்டி அமர்வதற்காக அதன் விளிம்பை அரத்தால் ராவுவர், சாணைக்கல்லில் காட்டுவர். ரிவெட்டின் தலை லைனிங்குக்குள் போதிய ஆழத்தில் புதைந்திருக்கவேண்டும். இல்லையேல் சில மாதங்களில் தலை வெளிப்பட்டு டிரம்மில் வரிவரியாக உழுதுவிடும், பிறகு லேத்தில் கடைந்தெடுக்கவேண்டும். இந்த நுட்பத்தை உஸ்தாத் பையனுக்குக் காட்டிக்கொடுத்தார். பையனுக்கு வட இந்தியக் கடைகளில் பெரும்பாலும் சோட்டு என்பதே பெயர். பெற்றோர் இட்ட பெயரைக் கடையில் யாரும் கேட்பதில்லை. டிரம்மைத் தட்டுவதும் ஊதுவதும் துடைப்பதும் அவனுடைய பங்கு.

குடும்பமும் இதில் பங்கெடுத்தது. பைப்பில் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் இருக்கையில் அமர்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே படுத்து நிப்பிளைத் திறந்து குமிழியோடு திரவத்தை வெளியே விட்டு, மூடிய பிறகு குரல் கொடுக்கவேண்டும். அவர் சொல்வதற்கு முன் காலை எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே போகும். மிதிப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை, சில வேளை மனைவி. அந்தத் திரவத்தைப் பிரேக் ஆயில் என்று நாடெங்கும் அழைப்பது ஓர் ஆபத்தான சொல்வழக்கு என்பதையும் இங்கே சொல்லலாம். அது கிளைக்கால் சார்ந்த திரவம், எண்ணெய் அன்று. பெயரை நம்பி உண்மையான எண்ணெயை ஊற்றியவர்களின் வண்டியில் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய்ப் பிரேக்கே இல்லாமல் போகும்.

தூசிக்கு வருவோம். கல்நார் இழை நுரையீரலில் தங்கி இழைமப் பெருக்கத்தையும், புற்றுநோயையும், மீசோதீலியோமா என்னும் சவ்வுப் புற்றையும் உண்டாக்கும் என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை; பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவதென முதல் பிரிவிலேயே வைத்துள்ளது. விவாதம் பிரேக்கைப் பற்றியது. பிரேக்கில் பயன்பட்ட வெள்ளைக் கல்நார், 600 டிகிரி செல்சியஸைக் கடந்த வெப்பத்தில் நீரிழந்து, இழைத்தன்மை இல்லாத ஃபார்ஸ்டரைட் என்னும் வேறொரு கனிமமாக மாறுகிறது. உரசும் பரப்பில் அத்தகைய வெப்பம் கணநேரம் தோன்றுவதுண்டு. ஆகவே தேய்ந்த பொடியில் உண்மையான இழை மிகச் சிறு விழுக்காடே என்பது ஒரு தரப்பு. அமெரிக்க வழக்குமன்றங்களில் கார் நிறுவனங்களின் தரப்பு இந்த வாதத்தைப் பல ஆண்டுகள் முன்வைத்தது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986இல் மெக்கானிக்குகளுக்காக வெளியிட்ட எச்சரிக்கை நூலைத் திரும்பப் பெறவேண்டும் என்று 2003இல் ஒரு சட்ட நிறுவனம் மனுக்கூடக் கொடுத்தது. முகமை எச்சரிக்கையைக் கைவிடவில்லை. 2007இல் புதிய வழிகாட்டியாக வெளியிட்டது.

வெப்பம் பற்றிய வேதியியல் சரியானதே. ஆனால் அது டிரம்முக்குள் ஏற்கெனவே வெந்த பொடியைப் பற்றியது. சாணைக்கல்லில் காட்டிய புது லைனிங் வெந்ததன்று. துளையிட்டு நீக்கிய பழைய லைனிங்கின் அடிப்பகுதி வெப்பம் தீண்டாதது. உப்புத்தாளால் தேய்த்தபோது பறந்ததும் அத்தகையதே. உறையிலிருந்து எடுத்து அப்படியே பூட்டும் அமெரிக்க வேலைமுறையை அளந்த ஆய்வு எதுவாயினும், ஒவ்வொரு ஷூவையும் கையால் மறுபிறவி எடுக்கவைத்த இந்திய வேலைமுறைக்கு அப்படியே பொருந்தாது. சிக்கனம் என்றும் மறுபயன்பாடு என்றும் இன்று நாம் போற்றும் பண்பாடு, இந்த ஓர் உறுப்பின் விஷயத்தில் உழைத்தவரின் மூச்சுக்காற்றில் கணக்கை நேர்செய்துகொண்டது.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசை இருந்தால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் என்ற எண்ணிக்கையைத் தொட்ட இடத்தையே தொழிற்சாலையாகக் கண்டது. கல்நார் நோயை அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலிலும் அது சேர்த்திருந்தது. மரத்தடிக் கடையில் மூன்று பேர். வீட்டு வாசலில் ஒருவர். பட்டியல் அவர்களை எட்டவில்லை. 1995 ஜனவரி 27 அன்று, அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. நீதிபதி கே. ராமசாமி எழுதிய அத்தீர்ப்பு இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையிலிருந்து நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்றது. நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. சட்டவரம்புக்குள் வராத சிறுதொழில்களையும் உட்படுத்தப் பரிசீலிக்குமாறு ஒன்றிய, மாநில அரசுகளைப் பணித்தது. அந்தப் பணிப்புரையிலும் பேசப்பட்டது கல்நார்ப் பொருளின் உற்பத்தி. லைனிங்கை உருவாக்குபவர் அதில் இருந்தார். அதைக் கழற்றுபவர் இல்லை.

40 ஆண்டு என்ற எண் தற்செயலானதன்று. கல்நார் நோய்கள் வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகள் ஆகும். 1965இல் பதின்மூன்று வயதில் டிரம் ஊதத் தொடங்கிய ஒரு பையனுக்கு நோய் வருமானால் ஏறக்குறைய 2000ஆம் ஆண்டை ஒட்டி வரும். அதற்குள் அவன் தொழில் மாறியிருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம். மூச்சுத்திணறலோடு அரசு மருத்துவமனைக்குப் போனால் புகைபிடிப்பதுண்டா, வீட்டில் காசநோய் உண்டா என்று கேட்பர்; சிறுவயதில் டிரம் ஊதியதுண்டா என்று கேட்கும் படிவம் எது? தொழிற்சாலைக்கு மருத்துவப் பதிவேடு உண்டு, முற்றத்துக்கு இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் நோயாளியும் இல்லை என்று கொள்வது நிர்வாகத்துக்கு வசதி. வரலாற்று ஆய்வாளரும் அதே வசதியைப் பின்பற்றுவதற்குக் காரணமில்லை. சட்டத்தில் ஒரு கீற்று மட்டும் தெரிகிறது: 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில், சிறுவர் வேலைசெய்யக்கூடாத இடங்களாக மோட்டார் பணிமனைகளும் பின்னர் சேர்க்கப்பட்டன. சோட்டுவை வயதின் பெயரால் சட்டம் ஒருமுறை கண்டுகொண்டது. தூசியின் பெயரால் காணவில்லை.

இதற்கிடையே பிரேக்கே மாறிவிட்டது. 1953இல் லமான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. 1955இல் சிட்ரோயன் டி.எஸ். காரின் முன் சக்கரங்களில் டிஸ்க் வந்தது. முன் சக்கரத்தில் ஏன் முதலில்? வண்டி நிற்க முயலும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல் முன் சக்கரங்களே செய்கின்றன. அங்கேதான் சூடும் தேய்மானமும் அதிகம். மூடிய டிரம் சூட்டைச் சிறைவைக்கும், திறந்த டிஸ்க் காற்றில் ஆற்றிக்கொள்ளும். இந்தியப் பெருந்திரளுக்கு இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது மாருதி 800. 1983 டிசம்பரில் குர்காவ்ன் ஆலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது; பின்னர் நாட்டை நிறைத்த அதன் வடிவத்தில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

வீட்டில் செய்யும் வேலையாகப் பார்த்தால் டிஸ்க் ஒரு வரம். முன் சக்கரத்தைக் கழற்றினால் எல்லாம் கண்முன்னே நிற்கிறது: பளபளக்கும் தட்டு, அதைக் கவ்வும் காலிப்பர், அதனுள் இரண்டு பேடு. காலிப்பரின் ஒரு போல்ட்டைக் கழற்றிக் கதவுபோல் மேலே திருப்பினால் பேடுகள் கையோடு வரும். உராய்வுப் பகுதி 2, 3 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தால் மாற்றவேண்டும். சில பேடுகளில் சிறு உலோக நாக்கு தட்டில் உரசிக் கிறீச்சிட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். தட்டின் குறைந்தபட்சத் தடிமன் அதன்மேலேயே பொறித்திருப்பதும் உண்டு. பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளி, அப்போது மேலே கலத்தில் திரவம் வழிகிறதா என்று பார்த்து, வழுக்கும் பின்களுக்கு உரிய கிரீஸ் இட்டு, இருபக்கமும் ஒரே நாளில் புதிய பேடுகளைப் பூட்டவேண்டும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக்கூடாது என்பதும், வண்டியை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்கவேண்டும் என்பதும் மறக்கக்கூடாத இரண்டு. ரிவெட் இல்லை, சாணை இல்லை, உப்புத்தாள் இல்லை. ஒரு சக்கரத்துக்கு ஒரு மணிநேரம் போதும்.

ஆனால் வேலை எளிதான அதே பத்தாண்டுகளில்தான் இந்திய வீட்டு வாசலிலிருந்து அது மறையத் தொடங்கியது. நிறுவனத்தின் சேவை நிலையங்கள் மாவட்டத் தலைநகர்தோறும் வந்தன. வாரண்டி அட்டையில் முத்திரை விழவேண்டும் என்ற அச்சம் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் கார் நிறுத்த இடமுண்டு, கழற்ற இடமில்லை. இவற்றோடு சாதியும் வர்க்கமும் கலந்த பழைய மனத்தடை ஒன்றும் திரும்பியது. கையில் கிரீஸ் படுவது தட்டுப்பாட்டுக் காலத்தில் நடுத்தர வர்க்கத்துக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காசு வந்தபின் அது மீண்டும் மிஸ்திரியின் வேலையாகிவிட்டது. இன்று இணையக் காணொளிகளைப் பார்த்துச் சிலர் அதை மீட்டெடுக்கின்றனர். பெரும்பாலோர் வண்டியைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பு அறையில் தொலைக்காட்சி பார்க்கின்றனர். கழற்றப்பட்ட பழைய பேடை அவர்கள் கண்ணால் காண்பதில்லை.

கல்நாரும் ஒரே நாளில் போகவில்லை. பிரிட்டன் 1999இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுமையும் 2005 தொடக்கத்துக்குள்ளும் தடைசெய்தன. அமெரிக்கா 1989இல் விதித்த தடையின் பெரும்பகுதியை 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. வெள்ளைக் கல்நாருக்கு எதிரான புதிய விதி 2024 மார்ச்சில்தான் வந்தது. இந்தியாவில் 1986 முதல் புதிய சுரங்கக் குத்தகைகள் நிறுத்தப்பட்டன. வெளிநாட்டுக் கல்நாரின் இறக்குமதியோ தொடர்கிறது. அதில் பெரும்பங்கு கூரைத் தகடுகளுக்குப் போவதால், தடை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் கூரையைப் பற்றியே பேசுகின்றனர். பிரேக் இந்த வாதத்தின் ஓரத்தில் கிடக்கிறது. ஏற்றுமதிச் சந்தையும் வெளிநாட்டுக் கூட்டாளிகளின் தரமும் வற்புறுத்தியதால் பெரிய நிறுவனங்கள் அராமிட் இழை, உருக்கு இழை, கனிமக் கம்பளி ஆகியவற்றுக்கு மாறின. கல்நார் அற்றது என்ற வாசகம் பேடு அட்டைப்பெட்டியில் விளம்பரமாகவே ஏறியது. ஐரோப்பியத் தொழிலாளிக்காக எழுதப்பட்ட விதி இந்திய மெக்கானிக்கையும் ஓரளவு காத்தது என்பதே இதன் பொருள். இந்திய மெக்கானிக்கை முன்வைத்து எழுந்த பாதுகாப்பாக அது வரவில்லை. பெட்டியில் எதுவும் அச்சிடாத மலிவு லைனிங்கை வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக ஓடிய பிரீமியர் பத்மினிகளில் கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபரில். இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் அவ்வகை டாக்ஸி சாலையிலிருந்து விலகியது. செய்தித்தாள்கள் பிரியாவிடைக் கட்டுரைகள் வெளியிட்டன. இருக்கை, மீட்டர், திரைப்படக் காட்சிகள் எல்லாம் நினைவுகூரப்பட்டன. குர்லாவிலும் பைகுல்லாவிலும் அந்த வண்டிகளின் டிரம்மைத் திறந்த கைகளைப் பற்றிய வாய்மொழி வரலாற்றைத் திரட்ட இன்னும் நேரமிருக்கிறது, அதிகமில்லை. உஸ்தாதுகளில் பலர் எழுபதைக் கடந்தவர்கள். தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு போனால், எந்த ஆண்டில் கடைக்கு வந்தார், லைனிங் எந்த நகரத்திலிருந்து வந்தது, யார் ராவியது, முகத்தில் துணி கட்டும் வழக்கம் உண்டா, உடன் வேலைசெய்தவர்கள் எந்த வயதில், எந்த நோயில் இறந்தனர் என்ற கேள்விகளோடு போவது நல்லது. கடைசிக் கேள்வியை முதலில் கேட்கக்கூடாது.

டிஸ்க் பிரேக்கில் பொடி சேர்வதில்லை. அது சக்கரத்தின் விளிம்பில் கருமையாகப் படிந்தது போக, மீதி தெருக்காற்றில் கலந்துவிடுகிறது. திறப்பவர் ஒருவர் சுவாசித்ததைத் தெருவில் நடப்பவர் எல்லோரும் பகிர்ந்துகொள்கின்றனர். கல்நார் போனாலும் செம்பு, இரும்பு முதலிய உலோகத்துகள்கள் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய யூரோ 7 விதிகள், வாகன வரலாற்றில் முதன்முறையாகப் பிரேக் துகளுக்கும் வரம்பு வைத்தன: பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்கார்களுக்கு 3. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 விதிகள் புகைக்குழாயையும் எரிபொருள் ஆவியையும் அளக்கின்றன. பிரேக்கிலிருந்து வருவது அந்தக் கணக்கில் இல்லை. சேவை நிலையத்தின் பின்கட்டில் சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பரின்மேல் காற்றுக்குழாயைத் திருப்பும் இளைஞருக்கு, ஈரத்துணியால் துடைக்கலாம் என்று சொல்லித்தரும் வேலை இன்றும் அவருடைய உஸ்தாதுக்கே விடப்பட்டிருக்கிறது.